அத்தையின் கடைவாய்ப் பல்

அத்தையின் முந்தானை முடிச்சில் எப்போதும் ஒரு மாத்திரை அட்டை இருக்கும். முட்டி வலிக்கு என்பார். கடலூர் முதுநகரிலிருந்து என்னைப் பார்க்கச் சிதம்பரம் வரும்போதெல்லாம், பஸ்ஸைவிட்டு இறங்கியதும் டீக்கடையில் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் கிளினிக்குக்கு வருவார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

எங்கள் குடும்பத்தின் முதல் டாக்டர் நான். பல் டாக்டர்தான் என்றாலும் சொந்தக்காரர்களுக்கு அது போதும். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்பவர்கூட என்னைக் கண்டால் வாயைத் திறந்து காட்டுவார். 2006இல் கிளினிக் போட்டபோது, என் நாற்காலியில் முதல் ஆளாக உட்காருவேன் என்று அத்தை, அப்பாவின் அக்கா, அடம்பிடித்தார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். மேல் கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை. ரூட் கேனல் செய்து, கேப்பும் மாட்டி அனுப்பினேன். அதன் பிறகு தெருவில் யாருக்குப் பல் வலித்தாலும் என்னிடம் பஸ் ஏற்றி அனுப்புவது அத்தையின் வேலையானது.

ஒரு வருடம் கழித்து, கடித்தால் வலிக்கிறது என்று ஒரே ஒருமுறை சொன்னார். வெளியில் ஆறு பேர் காத்திருந்தார்கள். "நரம்பையே எடுத்தாச்சு அத்தை, அது எப்படி வலிக்கும்? உங்களுக்கு அப்படித் தோணுது" என்று சிரித்தேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கக்கூட இல்லை. அத்தை தலையாட்டிவிட்டு, கொண்டுவந்த முறுக்குப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். வேறு டாக்டரிடமும் போகவில்லை. தம்பி மகள் பார்த்த பல்லை இன்னொருவரிடம் காட்டினால் ஊர் என்ன பேசும்? நான்கு வருடம் இடது பக்கமாகவே மென்றிருக்கிறார். விசேஷ வீடுகளில் அவர் வடையை ரசத்தில் ஊறவைத்துத் தின்பதைக் கேலி செய்தவர்களில் நானும் ஒருத்தி.

2011இல் கால் வீங்கி, மூச்சு வாங்கி, பாண்டிச்சேரியில் சேர்த்தபோது சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது என்றார்கள். வலி மாத்திரை எத்தனை வருடமாகப் போடுகிறீர்கள் என்று அந்த டாக்டர் கேட்டார். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முட்டிக்குத்தான் போட்டேன், கொஞ்சம் ஜாஸ்தியா போயிடுச்சி" என்றார். அவர் கை மட்டும் கன்னத்தில் இருந்தது.

டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளில் கிளினிக்குக்கு அழைத்துவந்து எக்ஸ்ரே எடுத்தேன். வேர் நுனியில் உளுந்தளவு கருப்பு, சீழ் கட்டியிருந்த இடம். அத்தையின் அந்தப் பல்லுக்கு நரம்பு ஓடும் வேர்க்குழாய் நான்கு. நான் மூன்றைத்தான் சுத்தம் செய்திருந்தேன். சிலருக்கு நான்காவது ஒளிந்திருக்கும் என்று படித்துப் பாஸ் செய்தவள்தான் நான். மறுபடி திறந்து, தேடிப் பிடித்து அடைத்தேன். இரண்டே தடவைதான் வரவேண்டியிருந்தது, வலி நின்றுவிட்டது. என்னால் தாங்க முடியவில்லை, அவர் மடியில் விழுந்து அழுதேன். அத்தை வாயிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டுச் சொன்னார்: "இத யாருகிட்டயும் சொல்லிவைக்காத பாப்பா. அப்புறம் உன்கிட்ட வர்றவுங்க யோசிப்பாங்க."

அடுத்த தை மாதம் அத்தை போய்விட்டார். கடைசி நாலு மாதம் பல் வலி இல்லாமல் சாப்பிட்டார், அதுவும் நீ பார்த்துவிட்டதால்தான் என்று அப்பா இன்றும் சொல்லி ஆறுதல்படுகிறார். உறவுக்காரர்கள் என்னைக் கைராசிக்காரி என்கிறார்கள். யாராவது வந்து, சிகிச்சை செய்த பல் வலிக்கிறது என்றால், எக்ஸ்ரே எடுக்காமல் நான் வாயைத் திறப்பதில்லை. மற்றபடி அத்தை சொன்னபடியே இத்தனை வருடம் இருந்துவிட்டேன். இதைப் படித்துத்தான் அப்பாவுக்குத் தெரியப்போகிறது.