இடது பக்கம்

அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வந்த இறுதியாண்டு மருத்துவ மாணவிகளில் அந்த இருவரையும் தனித்தனியாகப் பார்த்தவர்கள் கிடையாது. ஒருத்தி நெட்டை. இன்னொருத்தி ஓயாமல் பேசுவதால் ரேடியோ. நரம்பில் ஊசி ஏற்ற ஒருத்தியின் கையை மற்றவள் குத்தித்தான் பழகினாள். "என் கை சல்லடையாப் போச்சுடி" என்று ரேடியோ சிரிப்பாள். விடுமுறை விட்டால் அவள் போவது நெட்டையின் வீட்டுக்குத்தான். நெட்டையின் அம்மா அவளுக்கென்று தனித் தலையணையே வைத்திருந்தாள்.

ஒரு பிற்பகல், சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். மூச்சு இரைத்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ரேடியோ ஆக்சிஜன் முகமூடியைப் பிடித்துக்கொள்ள, நெட்டை ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். இடது பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

"சார், இடது பக்கம் காத்தே போகல. நெஞ்சுக்குள்ள காத்து அடைச்சிருக்கு. இப்பவே ஊசி குத்தி வெளியேத்தணும்."

அடுத்த கட்டில் நோயாளியைக் கவனித்துக்கொண்டிருந்த பணி மருத்துவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எக்ஸ்ரே எடுத்துட்டு வரட்டும்."

"அதுவரைக்கும் தாங்க மாட்டார் சார்."

"நீ டாக்டரா, நான் டாக்டரா?"

எக்ஸ்ரே அறை வாசலில் கொத்தனாரின் இதயம் நின்றது. அங்கேயே ஊசி குத்தி, நெஞ்சை அமுக்கி உயிரை மீட்டார்கள். சில நாள் கழித்துக் கண் திறந்தார். மனைவியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

துறைத்தலைவி மூவரையும் கூப்பிட்டு விசாரித்தார்.

"ரெண்டு பக்கமும் சரியா இருக்குன்னு இந்தப் பொண்ணு சொன்னதாலதான் மேடம் எக்ஸ்ரேக்கு அனுப்பினேன்" என்றார் மருத்துவர், கூசாமல்.

நெட்டை பதறவில்லை. பக்கத்தில் ரேடியோ இருக்கிறாளே.

"நீயும் கூட இருந்தல்ல? இவ என்னம்மா சொன்னா?"

ரேடியோ மேசை விளிம்பையே பார்த்தாள். "சரியா இருக்குன்னுதான் சொன்னா, மேடம்."

நெட்டை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பக்கத்தைச் சொல்லத் தவறிவிட்டாள். அவளை அடுத்த அணியோடு பயிற்சியை மறுபடி செய்யச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மாடிப்படியில் ரேடியோவை மறித்தாள். "ஏன்டி?"

"அவர்தான எனக்கு மார்க் போடணும். எங்க வீட்டு நிலைமை உனக்குத் தெரியும். நீ தாங்கிப்படி. என்னால முடியாது."

"நான் தாங்கிப்பேன்னு உனக்கு யாருடி சொன்னா?"

ரேடியோ படியிறங்கிப் போனாள்.

கொத்தனாரின் மனைவியிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நெட்டை வார்டுக்குப் போனாள். அந்தப் பெண் கணவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். "சரியாப் பாக்காம விட்ட பொண்ணு நீதானாம்மா?"

"நான் அப்பவே சொன்னேன்க்கா. யாரும் கேக்கல."

அவள் கணவனின் வாயோரம் வழிந்ததைத் துடைத்தாள். "தன்மேல தப்பில்லன்னுதாம்மா இங்க எல்லாரும் சொல்றாங்க."

வீட்டில் அம்மா அந்தத் தலையணையைப் பரண்மேல் போட்டாள்.

நெட்டை பயிற்சியை மறுபடி முடித்தாள். பிறகு அதே துறையையே எடுத்துக்கொண்டாள். இப்போது வேறொரு மருத்துவமனையில் இருக்கிறாள். ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டதை அறை முழுக்கக் கேட்கும்படி சொல்வது அவள் வழக்கம். புதிதாக வந்த தலைமை மருத்துவர் ஒருநாள், "எனக்குக் காது நல்லாவே கேக்கும்மா" என்றார்.

"நாலு பேருக்குக் கேக்கட்டும் சார்" என்றாள்.