செவ்வாய்க்கிழமைக்கு முன் ஒரு கூரை

கடந்த சனிக்கிழமை வவுனியாவில் என் கடையைப் பூட்டிவிட்டு, நெடுங்கேணிக்கு அப்பால் உள்ள ஒரு சிறிய மாதா கோயிலுக்குப் போய் வந்தேன். மனைவிக்கு இந்தச் செவ்வாய்க்கிழமை இருதய ஒப்பரேசன். அதுவரை இரண்டு வாரமாக எனக்கு நித்திரை இருக்கவில்லை. கை தகரமும் சீமெந்தும் விற்கிறது, மனம் ஆஸ்பத்திரியில் நிற்கிறது.

காலை 6.40 பஸ். புளியங்குளத்தில் திரும்பி, எட்டு மணிக்கு நெடுங்கேணியில் இறக்கிவிட்டது. 190 ரூபாய். அங்கிருந்து ஏழு கிலோமீற்றர். ஆயிரம் கேட்ட ஓட்டோக்காரரை எண்ணூறுக்கு இறக்கினேன். (பழக்கதோஷம்.) விஷயத்தைச் சொன்னதும், "வழியில எங்கட பிள்ளையார் இருக்கிறார் அண்ணை, அவருக்கும் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போவம்" என்றார். மனைவியின் பெயரைக் கேட்டுக்கொண்டு, தானே இறங்கிப்போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார்.

கோயிலைப் பராமரிக்கும் திரேசக்கா மட்டும் உள்ளே தரையைக் கூட்டிக்கொண்டு நின்றா. கூரையில் ஓட்டைகள், பீடத்தின் அருகே இரண்டு வாளி. நான் முழங்காலிட்டு, வாய்விட்டே நேர்த்தி வைத்தேன்: "மாதாவே, அவள் சுகமாக வந்தால் கூரைக்குப் புதுத் தகரம் போடுவேன்."

திரேசக்கா கூட்டுவதை நிறுத்தினா. "தம்பி, மாதாவோட விலை பேசுறியளோ?"

"நேர்த்தி அக்கா."

"சுகம் வராட்டி? கூரை ஒழுகட்டும் எண்டோ? மாரிமழை உங்கட ஒப்பரேசனைப் பாத்துக்கொண்டு நிக்காது."

சுருக்கென்றது. ஆனால் பிழை சொல்ல முடியவில்லை. கடையில் பேசுவதுபோலத்தான் கடவுளிடமும் பேசியிருக்கிறேன்: நீர் இதைத் தாரும், நான் அதைத் தருகிறேன்.

"வாங்கில இருங்கோ. ஒண்டும் கேக்காமல் சும்மா இருங்கோ" என்றா.

பலகை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வாயில் வந்தது ஒன்றுதான்: "ஆண்டவரே, எனக்குப் பயமாக இருக்கிறது. அவளை நீரே பாரும்." இரண்டு வாரத்தில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அழுதேன். பிறகு என்ன நடந்ததென்று தெரியாது.

பதினொன்றரைக்குத் திரேசக்கா பால் விடாத பிளேன்ரீயோடு எழுப்பினா. "நல்ல நித்திரை. குறட்டை மாதாவுக்கும் கேட்டிருக்கும்."

போக நினைப்பவர்களுக்கு: தண்ணீர் கொண்டுபோங்கள், வழியில் கடை இல்லை. ஓட்டோக்காரரின் நம்பரை வாங்கி வையுங்கள், திரும்பி வர வேறு வாகனம் கிடையாது. ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். எட்டிப் பார்த்துவிட்டு வருவதென்றால் போகாதீர்கள்.

இதை எழுதுவது திங்கள் மாலை. நாளை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. பயம் இருக்கிறது, ஆனால் அதை நான் தனியே சுமக்கவில்லை. நேற்றிரவும் நித்திரை வந்தது.

தகரம் இன்று காலை போய்விட்டது. திரேசக்காவோடு பேசி முடித்தது இதுதான்: பன்னிரண்டு தகரம், லொறிக்கூலி, அடிக்கிற கூலி எல்லாம் என்னுடையது; வேலையாட்கள் மூவருக்கும் மதியச் சோறு அவாவுடையது. வேறு நிபந்தனை இல்லை.