இரவல் பெயரில் அடித்த சிக்ஸர்கள்

அன்று அந்தத் தொலைபேசிக் கடையின் பின்னறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: கடை முதலாளியும் கழகத் தலைவருமான அண்ணை, ஸ்கோர் எழுதும் கண்ணாடிக்காரர், நான். மேசையில் கிடந்த ஆட்டக்காரர் அட்டையில் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவனையும் சேர்த்தால் நான்கு. சேர்க்கலாமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பந்தைத் தூக்கி அடிப்பது ஒன்றுதான் எனக்கு ஒழுங்காக வந்தது. 2009இல் பாரிசுக்கு வந்து உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கிய நாளிலிருந்து, கோடை ஞாயிறுகளில் எங்கள் ஆட்களின் மென்பந்துக் கிரிக்கெட் போட்டிகளில் ஆடினேன். பெரிய ஆட்டக்காரன் இல்லை. ஓட மாட்டேன், பிடி எடுக்கவும் தெரியாது. சிக்ஸர் அடிக்க ஆள் தேவைப்பட்ட கழகம் கூப்பிடும், தோற்றதும் கைவிடும். மூன்று வருடத்தில் மூன்று நிறச் சட்டை. இரவல் ஆட்டக்காரன் என்றுதான் என்னைச் சொல்வார்கள்.

நான்காவது வருடம், பதிந்த கழகத்தோடு பாதியில் முறிந்துபோனது. ஒரு கழகத்தில் பதிந்த பெயர் அந்த வருடம் இன்னொன்றுக்கு ஆட முடியாது. அதற்குத்தான் அந்த அட்டை.

"தாடி விட்டீரெண்டால் உம்மைப் போலத்தான் கிடக்கு. இந்தப் பேரிலை ஆடும்," என்றார் தலைவர்.

"இவர் எங்கை அண்ணை?"

"லண்டனுக்குக் கடல் தாண்டவெண்டு கலே பக்கம் போனவன். ரெண்டு வருசமாச்சு, ஒரு சத்தமும் இல்லை. பேரை வெட்ட ஒருத்தருக்கும் மனம் வரேல்லை. வருசா வருசம் பதிஞ்சுகொண்டு கிடக்கிறம்."

"திரும்பி வந்தால்?"

"வந்தால் ரெண்டு பேருமாய் ஆடுங்கோவன்," என்று கண்ணாடிக்காரர் சிரித்தார்.

சிக்ஸருக்குப் பத்து யூரோ என்று பேச்சு. கழகத்தின் கணக்குக் கொப்பியில் அவன் பெயரின் கீழே எழுதுவார்கள். கையில் காசு வரும்போது தருவார்கள்.

முதல் ஆட்டத்திலேயே பயம் பிடித்துக்கொண்டது. என் வாழ்நாளில் நான் சிக்ஸர் அடித்ததெல்லாம் கால் பக்கம், லெக் சைடில்தான். அன்று பந்து ஒன்றன் பின் ஒன்றாக மற்றப் பக்கம் பறந்தது. நான் நினைப்பதற்கு முன்னமே கை போய்விட்டிருந்தது. ஐந்தாவது பந்து மைதானத்தின் ஓரத்து மரங்களுக்குள் விழுந்தது. எடுக்க யாரும் ஓடவில்லை, எல்லோரும் கைதட்டிக்கொண்டு நின்றார்கள். அதற்குள் பந்து மரங்களுக்குள் இருந்து உருண்டு புல்லுக்கு வந்து நின்றது. பின்னால் சரிவு இருக்கலாம் என்று ஆட்டம் முடிந்ததும் போய்ப் பார்த்தேன். மரங்களுக்குப் பின்னால் நிலம் மைதானத்தை விட்டு அந்தப் பக்கம் பள்ளமாக இறங்கியது.

"நாய் ஏதும் தட்டியிருக்கும்," என்றார் கண்ணாடிக்காரர். "அவன்ரை அடியும் மற்றப் பக்கம்தான். சிக்ஸர் சிக்ஸர்தானே. உமக்கென்ன?"

எனக்கு என்ன? இரவில் நித்திரை இல்லை, அவ்வளவுதான். லா சப்பல் மெட்ரோ மேடையில் பின்னாலிருந்து அந்தப் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட, நான் திரும்பிப் பார்த்தேன். மேடையில் ஒருவரும் இல்லை. அதைவிட, நான் ஏன் திரும்பினேன் என்பதுதான் என்னைத் தின்றது.

கோடை முடிந்ததும் இனி என் பெயரிலேயே ஆடுவது என்று முடிவெடுத்தேன். அதற்கு முன்பே, பாரிசின் புறநகரான பொண்டியிலிருந்து அவனுடைய அக்கா மைதானத்துக்கு வந்துவிட்டார். இணைய வானொலியில் ஞாயிறுதோறும் முடிவுகளை வாசிப்பார்கள். அதில் தம்பியின் பெயரைக் கேட்டு, ஒரு பெட்டி நிறையக் கோழிக்கறியும் புட்டும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் துடுப்போடு திரும்பி நடந்து வர, தூரத்தில் கையை உயர்த்தினார். கிட்ட வந்ததும் அந்தக் கை மெல்ல இறங்கியது. அப்படி ஒரு கை இறங்குவதை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. நாளைக்கே பேரை வெட்டச் சொல்லுறன்."

"வேண்டாம் தம்பி," என்றார். "வன்னியிலை அம்மா போனிலை உந்த ரேடியோவைக் கேட்கிறா. ஊரெல்லாம் சொல்லிப்போட்டா. பேரை எடுக்காதேங்கோ."

பிறகு பெட்டியை என்னிடமே தந்தார். சாப்பிட்டேன். வேறென்ன செய்ய?

ஆகவே அடுத்த வருடமும் அவனாகவே ஆடினேன். அதற்கடுத்த வருடமும். முழங்கால் தேய்ந்தது. அடித்த அன்று ஒரு தாய் உறங்குவாள், அடிக்காத அன்று என்ன நினைப்பாளோ என்று சனிக்கிழமைகளில் தனியே துடுப்பைச் சுழற்றிப் பார்ப்பேன். அட்டையை வருடா வருடம் புதுப்பித்தார்கள். பழைய படம்தான். ஆனால் அதிலிருந்தவனுக்கு என் வயது ஏறிக்கொண்டு வந்தது போலிருக்கும். யாரிடமும் சொல்லவில்லை.

அவன் பெயரில் நான்காவது கோடை, இறுதியாட்டத்துக்கு முதல் வியாழன், நான் வேலை செய்த உணவக வாசலுக்கு அக்கா வந்து தன் போனை நீட்டினார். அம்மா.

"தம்பி, நீங்கள் ஆர் பெத்த பிள்ளை?"

ஊரைச் சொன்னேன், அப்பாவின் தொழிலைச் சொன்னேன்.

"எனக்கு முதல் வருசமே தெரியும். கடைசிவரைக்கும் ஆட்டமிழக்காமல் நிண்டவர் எண்டு ரேடியோவிலை சொல்லுவினம். என்ரை பிள்ளை அவசரக்காரன். ஒரு நாளும் நிண்டு ஆடினவனில்லை."

"பிறகேன் அம்மா பேசாமல் இருந்தனீங்கள்?"

"பேரைச் சொல்ல வேற ஆர் இருக்கினம்?" என்று கேட்டார். "இனிப் போதும் ராசா. வாற கிழமை அவனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யப்போறன். பிண்டத்தைக் கடலிலை கரைச்சாப் பிறகு அந்தப் பேரிலை பந்தடிக்கக் கூடாது. அவனுக்குப் போகேலாமல் கிடக்கும்."

"அது வாற கிழமைதானே!" என்றார் தலைவர், நான் கடைக்குப் போய்ச் சொன்னதும். "இறுதியாட்டம் இந்த ஞாயிறு. இன்னும் உயிரோடைதான் கிடக்கிறான் எண்டு வையும்."

"நான் வரமாட்டன் அண்ணை. வெட்டுங்கோ."

"விசரா உமக்கு? கோப்பை போகுமடா!"

கண்ணாடிக்காரர்தான் கொப்பியை இழுத்து, பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே தரவேண்டிய சிக்ஸர்கள் வரிசையாக இருந்தன. தலைவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது அவன்ரை பேரிலை கிடக்கிற காசு. உமக்குத் தந்தால், அவன் வந்து கேட்டால் என்ன சொல்லுறது?"

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் காசை அக்கா வாங்க மறுத்துவிட்டார். நானும் கேட்கவில்லை. கழகம் கலைந்து, கடையும் கைமாறிவிட்டது. இன்னும் கொடுபடாமல் கிடப்பது முந்நூற்று நாற்பது யூரோ.