காலி உடையின் முப்பது வினாடி

2022 ஆகஸ்ட் 10, புதன்கிழமை, பகல் ஒன்று பத்துக்குக் கிளெமென்ட் போய்விட்டார். ஆனேக்கல்லைத் தாண்டி நாங்கள் படம்பிடித்துக்கொண்டிருந்த கொட்டகையின் வாசல் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. அவருடைய கையெழுத்து, பக்கத்தில் நேரம். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. ஸ்ரீராம்புரத்தில் அவர் மனைவி ஆஞ்சலா ராத்திரிச் சாப்பாட்டை மூடி வைத்துக் காத்திருந்தார்.

நான் எழுத உட்கார்ந்தது ஜெயராஜ் அண்ணனைப் பற்றி. அவர் எங்கள் தொடரின் ஒலிப்பதிவாளர். கன்டோன்மென்ட் பக்கத்து மாதா கோயில் திருவிழாக்களுக்கு மைக் கட்டித் தொழில் கற்றவர், ஐம்பத்து நாலு வயது. டியூப்லைட் ரீங்காரம், பக்கத்து அறை ஃபிரிட்ஜ், யாரோ ஒருவர் கைக்கடிகாரம் எல்லாம் அவர் காதில் விழும். டேக்குக்கு முன்னால் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுத் தன் ஸ்கூட்டர் சாவியை அதற்குள் வைத்துவிடுவார். ஃபிரிட்ஜைத் திரும்பப் போடாமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது அல்லவா? அந்தச் சாவி எப்போதும் சில்லென்றிருக்கும்.

தொடரின் பெயர் 'மேல்மாடி வேற்றுகிரகம்'. பெங்களூரில் ஒரு வீட்டு மாடியில் வேறு கிரகத்துக் குடும்பம் வாடகைக்கு இருக்கும், கீழே இருக்கும் ஓனருக்கு அது தெரியாது. குடும்பத் தலைவர் கூபூவுக்கு ஆறரை அடிப் பச்சை ரப்பர் உடை, தலைக்கு முழுக் கவசம். அதற்குள்தான் கிளெமென்ட். கூபூவின் குரல் அவருடையது அல்ல, சென்னையில் வேறொருவர் கொடுத்தார். மற்ற நடிகர்களுக்கு நேரம் பிடிபடுவதற்காகக் கவசத்துக்குள் ஒரு சின்ன மைக்கில் கிளெமென்ட் வசனத்தை முணுமுணுப்பார். டப்பிங் முடிந்ததும் அந்தப் பதிவை அழித்துவிடுவார்கள். நூறு பகுதிகளில் நடித்தவரின் முகமும் குரலும் ஒன்றில்கூட இல்லை.

என் வேலை கன்டினியூட்டி. ஒரு ஷாட்டில் இருந்த பொருள் அடுத்ததிலும் அதே இடத்தில் இருக்கிறதா என்று படமெடுத்துச் சரிபார்ப்பது.

ஒவ்வொரு காட்சியும் முடிந்தவுடன் ஜெயராஜ் அண்ணன் கையைத் தூக்குவார்.

"ரூம் டோன். முப்பது செகண்ட். யாரும் அசையக் கூடாது."

வெறும் அறையின் சத்தத்தை அவர் பதிவு செய்வார். வெட்டி ஒட்டும் இடங்களில் அடியில் ஓடவிடுவதற்கு அது வேண்டும். இருபது பேர் இருந்த இடத்திலேயே உறைந்து நிற்போம். பச்சை முகங்கள், மூன்று கண்கள், பாதி கழற்றிய வால்கள்.

"அண்ணன் வீட்ல அண்ணி திட்டுறப்பகூட முடிஞ்சதும் ரூம் டோன் எடுப்பாரு" என்பார் இயக்குநர் கணேசமூர்த்தி.

"உங்க வயிறு கத்துது சார். மொதல்ல அதுக்கு பன் குடுங்க" என்பார் இவர். முப்பது வினாடி முடிந்ததும் கையை இறக்கி எப்போதும் ஒன்றே சொல்வார்: "போதும், பொழச்சுப் போங்க."

அந்தப் புதன்கிழமை காலையில் நூறாவது பகுதிக்காக எல்லாரையும் நிறுத்திப் படம் எடுத்தோம். கிளெமென்ட் உடையைக் கழற்றிவிட்டு வெளியே டீ குடிக்கப் போயிருந்தார். யாரோ உடையை அதன் இரும்பு ஸ்டாண்டோடு நடுவில் இழுத்து வைத்தார்கள்.

"எல்லாரும் வந்தாச்சா?" என்றார் கணேசமூர்த்தி.

"கூபூ வந்தாச்சு சார். மொத வரிசையில நிக்கிறாரு."

யாரோ இப்படிச் சொன்னதும் எல்லாரும் சிரித்தோம். படத்தை எடுத்தது நான். எடுத்த பிறகுதான் பார்த்தேன், டீ கிளாஸோடு கிளெமென்ட் வாசலில் நின்றிருந்தார். அவரும் சிரித்தார். சாப்பாட்டு வேளையில் அவரைக் காணோம். மத்தியானக் காட்சியில் கூபூ நின்றபடியே தூங்க வேண்டும், அசைய வேண்டியதில்லை. அதனால் உடையை ஸ்டாண்டில் அப்படியே நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தோம். அவர் எங்கே என்று நான்கூடக் கேட்கவில்லை.

நாலு மணிக்கு ரூம் டோன். ஜெயராஜ் அண்ணனின் மெஷினில் கவசத்து மைக்கின் ஒலி அளவைக் காட்டும் கோடு மெல்ல ஏறி இறங்கியது. அவர் நிமிர்ந்து உடையைப் பார்த்தார். காற்றாக இருக்கும் என்று அந்த மைக்கின் சத்தத்தை மட்டும் விரலால் இறக்கிவிட்டார். ஆறு மணிக்கு உடை ஸ்டாண்டில் தொளதொளவென்று தொங்கியது.

போலீஸ் பதிவேட்டைப் பார்த்து, ஒன்று பத்து என்று எழுதிக்கொண்டது.

ஒரு வாரம் கழித்து ஜெயராஜ் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஹெட்ஃபோனை மாட்டிவிட்டார். காதில் கேட்கும் சத்தத்தைத்தான் அவர் அன்று இறக்கினாரே தவிர, மெஷின் அதைத் தனியாகப் பதிந்துகொண்டே இருந்திருக்கிறது. முப்பது வினாடி. மூடின இடத்துக்குள் மூச்சு. இழுத்து, நிறுத்தி, விட்டு. நான் ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.

"நாலு மணிக்கு அந்த உடை காலிம்மா" என்றார்.

"அப்ப இது யாருண்ணே?"

"செத்தவன் மூச்சா, இருக்கறவன் மூச்சா, மைக்குக்கு தெரியாது."

அந்தக் கேள்வி ஆஞ்சலா அக்காவுக்கு வேறு வழியில் வந்தது. நவம்பர் இரண்டாம் தேதி இறந்தவர்களுக்கான பூசையில் வாசிக்கப் பங்குக் கோயிலில் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும். "எழுதட்டா அண்ணே?" என்று அந்த வருடம் ஜெயராஜ் அண்ணனிடம் கேட்டார். எழுதிவிட்டால் இறந்தவர். எழுதாவிட்டால் இன்னொரு வருடம் சாப்பாட்டை மூடி வைக்க வேண்டும். அவர் காரணம் சொல்லாமல் "வேணாம்மா, இரு" என்றார்.

தொடர் ஜனவரியில் முடிந்தது. கடைசிப் பகுதியின் முடிவில் குடும்பம் மாடியைக் காலி செய்துவிட்டுப் போய்விடும், வெறும் வீடு மட்டும் அரை நிமிடம் தெரியும். அதற்கு அடியில் ஜெயராஜ் அண்ணன் அந்த மூச்சைப் போட்டார். யாருக்கும் தெரியாது. என்னிடம் மட்டும் சொன்னார்: "அவன் எங்கயாச்சும் இருந்து கேட்டான்னா, தன்னோடதுன்னு தெரிஞ்சுப்பான்."

பிப்ரவரியில் நான் ஊரைவிட்டுப் போனேன். பல ஊர்கள், பல விடுதிகள். புது இடத்தில் முதல் நாள் தூக்கம் வராதபோதெல்லாம் அறையின் சத்தத்தை எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன். முப்பது வரை போனதும் பயம் வந்துவிடும்.

2024 செப்டம்பரில் திரும்பியதும் என் பழைய படங்களைத் தேடினேன். அந்த மத்தியானத்துப் படங்கள் இருந்தன. மூன்று நாற்பதில் கூபூவின் இடது கை விரித்திருக்கிறது. நாலு பத்தில் மூடியிருக்கிறது. கீழே என் கையால் குறித்திருக்கிறேன்: 'கை மாறியுள்ளது, ஆர்ட் ஆட்களிடம் சொல்லவும்.' யாரிடமும் சொல்லவில்லை.

ஜெயராஜ் அண்ணன் தன் புது செட்டில் வைத்துப் படங்களை வெகுநேரம் பார்த்தார். ஃபிரிட்ஜைத் திறந்து சாவியை எடுத்தார். "வா, போலாம்."

அக்டோபர் கடைசி ஞாயிறு அது. ஆஞ்சலா அக்கா பூசைக்குப் போய் வந்த புடவையோடு மேசை முன்னால் உட்கார்ந்து பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். தன் அப்பா, மாமியார், ஒரு சித்தி. நாலாவது வரி காலியாக இருந்தது. ஜெயராஜ் அண்ணன் ஹெட்ஃபோனை மாட்டிவிட, மூச்சைக் கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் தடவை கேட்டார்.

"பதினோரு வருஷம் பக்கத்துல படுத்திருக்கேன். அவரேதான்."

"அப்போ எழுதாதம்மா" என்றார் ஜெயராஜ் அண்ணன்.

"ரெண்டு வருஷமா இதை வச்சுக்கிட்டு சொல்லலயே அண்ணே."

அவர் ஹெட்ஃபோன் ஒயரைச் சுற்றத் தொடங்கினார்.

"உயிரோட இருந்தா ஒரு போன் பண்ண மாட்டாரா? காலி உடையில மூச்சு விடுறவரு உயிரோட இருக்கறவரா? நீங்களே சொல்லுங்க."

அக்கா பேனாவை எடுத்து நாலாவது வரியை நிரப்பினார்.

நவம்பர் இரண்டாம் தேதி கோயிலில் பெயர்களை வாசித்தார்கள். கிளெமென்ட் என்று சொன்னபோது ஆஞ்சலா அக்கா அசையவில்லை. பிறகு சாமியார் சிறிது நேரம் மௌனமாக ஜெபிக்கச் சொன்னார். நானூறு பேர் அசையாமல் நின்றார்கள். என் பக்கத்தில் ஜெயராஜ் அண்ணன் மட்டும் நிமிர்ந்து, மேலே, ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன கேட்டது என்று நான் கேட்கவில்லை.

போன ஜூலையில், ஒரு சனிக்கிழமை, தெரியாத எண்ணிலிருந்து ஜெயராஜ் அண்ணனுக்கு ஒரு செய்தி வந்தது. அதை எனக்கு அனுப்பும்போது அவர் ஆஞ்சலா அக்கா வீட்டு வாசலில், காலிங் பெல்லை அழுத்தாமல் நின்றிருந்தாராம்.

"அண்ணே, கிளெமென்ட். கடைசி எபிசோட இப்பதான் யூட்யூப்ல பாத்தேன். காலி வீட்ல என் மூச்சு ஓடுது. ஆஞ்சலாகிட்ட பேச இன்னும் தைரியம் வரல. அன்னைக்கு கேட்ல கையெழுத்து போட்டுட்டு, எல்லாரும் சாப்பிடுறப்ப ஜெனரேட்டர் பக்கமா திரும்பி வந்து உடைக்குள்ள நின்னேன். யாராச்சும் என்னை தேடுறீங்களான்னு பாக்கத்தான். யாரும் தேடல. நாலு மணிக்கு நீங்க மட்டும் நிமிர்ந்து பாத்தீங்க. பேர் சொல்லி கூப்பிடுவீங்கன்னு கைய இறுக்கிட்டு நின்னேன். போதும், பொழச்சுப் போங்கன்னீங்க. போயிட்டேன்."