இடைவேளைக்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை

பஞ்சாலைக்குள் கதாநாயகன் கதாநாயகியின் காதோரம் குனிந்து கிசுகிசுத்தான். பின்னால் நூற்பு மெஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. அவள் வெட்கப்பட்டு அதைவிட மெல்லிய குரலில் பதில் சொன்னாள். ராஜபாளையத்துத் தியேட்டரே சிரித்துவிட்டது.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அன்றைக்கு வந்திருந்த கூட்டத்தில் பாதி மில் ஆட்கள். மெஷின் ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலே பாதிதான் விழும். மூக்கையும் வாயையும் துணியால் மூடியிருப்பதால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் வழியில்லை. அதனால் எங்களுக்கு எல்லாமே கைஜாடைதான். மீசையை முறுக்கிக் காட்டினால் மேஸ்திரி வருகிறார். மணிக்கட்டைத் தட்டினால் மணி என்ன என்று கேள்வி. இரண்டு கையாலும் நூலை அறுப்பதுபோல் காட்டினால், என் பக்கம் எல்லாம் அறுந்து கிடக்கிறது, ஒன்றும் தேறாது என்று பொருள்.

நான் அந்த இரைச்சலில் பன்னிரண்டு வருஷம் நின்றவள். என் வீட்டுக்காரர் அதே மில்லில் ஃபிட்டர், இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவர் என்னிடம் முதன்முதலில் கேட்டது 'சாப்பிட்டாச்சா' என்று. அதையும் கையால்தான் கேட்டார். அவர் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு மூன்று மாதம் கழித்து, பஸ் ஸ்டாண்டில் வைத்துத்தான் தெரிந்தது. நான் நினைத்ததைவிடக் கீச்சுக் குரல். அதற்குள் மனசைக் கொடுத்தாயிற்று, வேறு வழியில்லை.

அன்று தியேட்டரில் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். "ஏட்டி, நெசமா மில்லுக்குள்ள போயி இப்படிப் பேசுனான்னா, அந்தப் புள்ள 'என்ன, என்ன'ன்னு கேட்டே ஷிஃப்ட் முடிஞ்சிரும்" என்றார். முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

இடைவேளையில் பப்ஸ் வாங்கப் போனார். வந்து உட்கார்ந்தார். மறுபடியும் ஒரு கிசுகிசு வந்தது. நான் சிரித்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பினேன். மனுஷன் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு ராமாயணம் கேட்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பப்ஸ் வயிற்றுக்குச் சேரவில்லைபோல என்று விட்டுவிட்டேன்.

எங்களுக்குள் ஒரு பந்தயம் உண்டு. படம் பார்த்துவிட்டு வீடு போய்ச் சேர்வதற்குள் அவரவர் கருத்தைச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குப் போன பிறகுதான் போனில் விமர்சனம் பார்க்கலாம். யாருடைய கருத்து விமர்சகர்களோடு ஒத்துப்போகவில்லையோ அவர் மறுநாள் காப்பி போட வேண்டும். ஐந்தாறு வருஷமாக நான்தான் காப்பி போட்டுக்கொண்டிருக்கிறேன். 'எங்க வீட்டுக்காரருக்கு ரசனை வளந்துருச்சு' என்று தங்கச்சியிடம் பீற்றிக்கொண்டதும் நான்தான்.

அன்று வண்டியை எடுத்துக்கொண்டே சொன்னார்: "எதார்த்தத்தோட உச்சம். பஞ்சாலை வாழ்க்கைய அப்படியே கண்ணு முன்னால நிறுத்திட்டான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்சீட்டிலிருந்து விழாத குறை. "அந்தக் கிசுகிசுவுக்குச் சிரிச்சீகளே" என்றேன்.

"அது ஒரு கவிதை" என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் போனை எடுத்தேன். ஊரெல்லாம் பின்பற்றும் ஒரு விமர்சகர், மத்தியானமே வீடியோவில் பேசிப் போட்டிருந்தார். எதார்த்தத்தின் உச்சம். பஞ்சாலை வாழ்க்கையைக் கண்முன் நிறுத்துகிறது. கிசுகிசுப்புக் காட்சி ஒரு கவிதை. வார்த்தை மாறாமல் அப்படியே இருந்தது.

விமர்சகர்மேல் எனக்குக் கோபமில்லை. பாவம், அவர் மில் வாசலைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். இந்த ஆள் இருபது வருஷமாக அந்தச் சத்தத்துக்குள் நிற்பவர். ஒரு காது ஏற்கெனவே மந்தம். என்னிடம் கையால் பேசிக் கல்யாணம் முடித்தவர். அந்தக் கிசுகிசு உண்மை என்றால் நாங்கள் பொய்யா?

"இன்டர்வெல்ல போனைப் பாத்தீகளா?" என்று கேட்டேன்.

சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக நின்றுவிட்டார். "எல்லாப் படத்துக்கும் பாப்பேன்."

"ஒரு காப்பிக்கா இம்புட்டுத் திருட்டுத்தனம்?"

"காப்பிக்கு இல்லட்டி. உங்க அண்ணன் வீட்ல வச்சு என்னயச் சிரிச்சியே. அதுலருந்து."

எனக்கு அப்படி ஒன்று நடந்ததாகவே நினைவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் வந்தது. வத்திராயிருப்பில் அண்ணன் வீட்டு விசேஷம். பந்தி முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அவர் அப்போது வந்திருந்த ஒரு படத்தைப் பற்றி, வழக்கமில்லாத வழக்கமாக, நெடுநேரம் பேசினார். நான் வாரப் பத்திரிகையை எடுத்து அந்தப் படத்தின் விமர்சனத்தைச் சத்தமாக வாசித்தேன். மிகை நாடகம் என்று போட்டிருந்தது. "ஃபிட்டருக்கு ஸ்பானர் பிடிக்கத்தான் தெரியும்" என்று நானாக ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். அண்ணி சிரித்தாள், பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் அன்று சாயங்காலமே மறந்துபோனேன். அதற்குப் பிறகு அவர் ஒரு படத்தைக்கூடத் தன் கண்ணால் பார்க்கவில்லை என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. என்னுடையது மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய். அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டேன்.

அடுத்த மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு படத்துக்குப் போனோம். அவர் வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால் பஸ்ஸில் போனோம். படம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பாதியில் அவர் தோளைத் தொட்டு, திரை வெளிச்சத்தில் கையைத் திருப்பிக் காட்டி, எப்படி இருக்கிறது என்று மில் பாஷையில் கேட்டேன். அவர் கை சட்டைப்பைக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இரண்டு கையையும் தூக்கி நூலை அறுத்துக் காட்டினார். எல்லாம் அறுந்து கிடக்கிறது, ஒன்றும் தேறாது.

இத்தனை நல்ல படத்தை இப்படிச் சொல்கிறாரே, இவருக்கு என்ன தெரியும் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினேன். இடைவேளையில் பப்ஸ் வாங்க எழுந்தவர், போனை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் ஒரே சண்டை. கதாநாயகி செய்தது சரியா, அந்தக் கடைசிச் சண்டை தேவையா என்று அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். மனுஷனுக்குள் இவ்வளவு பேச்சு கிடந்திருக்கிறது. மம்சாபுரம் விலக்கு வருவதற்குள் நான் பாதி தோற்றுவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில்தான் கேட்டேன்.

"அண்ணன் வீட்ல பேசுனீகளே, அந்தப் படத்துல அப்படி என்ன பிடிச்சுச்சு?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்பன் செத்த பொறவு அந்தப் பய, அவிய சட்டையத் துவைக்காம மடிச்சு எடுத்து வப்பாம்ல. அது."

இந்தத் தடவை எனக்கு உடனே நினைவு வந்தது. அந்த வாரப் பத்திரிகைக்காரர் நம்ப முடியாத காட்சி என்று எழுதியது அதைத்தான். உலகத்தில் யாராவது இப்படிச் செய்வார்களா என்று கேட்டிருந்தார். அந்த வரிக்குத்தான் நான் குரலை உயர்த்தி, அண்ணியைப் பார்த்துக் கண்ணடித்து வாசித்தேன்.

"எங்க அய்யா சட்டை நம்ம பீரோவுல, கீழ்த்தட்டுல இருக்கு" என்றார். "இன்னும் துவைக்கல."

கண்டக்டர் ராஜபாளையம் என்று குரல் கொடுத்தார். அந்தப் பழைய காக்கிச் சட்டை எனக்குத் தெரியும். பீரோவை ஒழிக்கும்போது இரண்டு தடவை அதை எடுத்துக் கரித்துணியோடு போட்டிருக்கிறேன். இரண்டு தடவையும் அது எப்படித் திரும்பப் பீரோவுக்குள் வந்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.