நாட்டின் பெயர் முதலில்

சாலிஹ் நானாவின் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்த சுலோஜனாவிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. ஓர் அரசாங்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினால் தலைப்பில் நாட்டின் பெயர் முதலில் வரவேண்டும். அடுத்து அமைச்சரவை என்ற சொல்லும், அது பதவியேற்ற ஆண்டும் மாதமும் வரவேண்டும். பிரதமரின் பெயரோ சனாதிபதியின் பெயரோ தலைப்பில் தலைகாட்டக் கூடாது. கட்டுரைக்குள்ளே எத்தனை முறை வந்தாலும் அவளுக்கு ஆட்சேபனை இல்லை.

இந்தப் பிடிவாதம் 2003ஆம் ஆண்டு வைகாசியில் வெளியே தெரிந்தது. ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி கனகசிங்கம், மட்டக்களப்பு நகரத்து ஆசிரியர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, ‘நாடுகளும் ஆட்சிகளும்’ என்றொரு கலைக்களஞ்சியத்தைத் தமிழில் கொண்டுவரத் தீர்மானித்திருந்தார். போட்டிப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் கையில் கொடுக்க நம்பிக்கையான ஒரு புத்தகம்கூட இல்லையே என்பது அவருடைய நெடுநாள் குறை. கட்டுரைகளை ஆசிரியர்கள் எழுதுவார்கள். அவற்றுக்குத் தலைப்பிட்டு அட்டைகளில் பதிந்து வரிசைப்படுத்துவது சுலோஜனாவின் பொறுப்பு. அச்சடிப்பது காத்தான்குடியில் சாலிஹ் நானாவின் அச்சகம்.

முதற்கூட்டத்திலேயே தலைப்பில் வந்து முட்டிக்கொண்டார்கள்.

“சனம் ஆள்ட பேரச் சொல்லித்தானே ஆட்சியச் சொல்லுது?” என்றார் கனகசிங்கம்.

“சனம் சொல்லும் சேர். நம்மட நாட்டில அறுபதாம் ஆண்டு மார்ச்சில ஒரு அமைச்சரவை, யூலையில இன்னொண்டு. மார்ச்சில வந்தவர் ஐம்பத்திரண்டிலயும் பிரதமரா இருந்தவர், மறுகா அறுபத்தஞ்சிலயும் வந்தவர். அவர்ட ஆட்சி எண்டா பரீட்சை எழுதிற பிள்ளை இந்த மூண்டில எத எடுக்கும்?”

கனகசிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோற்றுப்போனதாக அவர் வாயால் ஒருபோதும் சொல்லமாட்டார், கண்ணாடியைத் துடைப்பார். தலைப்பு ஒழுங்கு அன்றே முடிவாயிற்று.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. அந்தப் போர்நிறுத்தக் காலத்தில் எழுவான்கரை அரசாங்கத்தின் கையிலும் படுவான்கரை ஆயுதம் ஏந்திய இயக்கத்தின் கையிலும் இருந்தன. புத்தகச் செய்தி வாவியைக் கடந்துபோய், அக்கரையிலிருந்து ஒருவர் அச்சகத்துக்கு வந்தார். மரியாதையானவர், செருப்பை வாசலிலே கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

“எங்களுக்கும் நீதிமன்று இரிக்கு, காவல்துறை இரிக்கு அக்கா. நாடுகள்ற வரிசையில எங்களயும் போடுங்க.”

“பதவியேத்த திகதியும் அமைச்சர்மார்ர பேரும் தாங்க தம்பி. எல்லா நாட்டிட்டயும் அதத்தான் கேக்கன்.”

“அப்பிடி ஒண்டும் இல்லயே.”

“அப்ப நிர்வாகங்கள் எண்ட பகுதியில போடுறன். உள்ளதெல்லாம் எழுதுவன். இல்லாதத எழுதமாட்டன்.”

சாலிஹ் நானா அச்சுயந்திரத்துக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். வந்தவர், பெரியவர்களிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனார். அதற்கடுத்த ஆண்டு அக்கரையில் அவர்களுக்குள்ளேயே பிளவு வந்தது. அவர் திரும்பி வரவில்லை. என்ன ஆனார் என்று சுலோஜனாவுக்குக் கடைசிவரை தெரியாது.

2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா விடுமுறை. சுலோஜனா படுவான்கரையில், வெல்லாவெளியில் தமையன் வீட்டில் இருந்தாள். கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டபோது அவளுக்கு முதலில் விளங்கவேயில்லை. மூன்றாம் நாள்தான் காத்தான்குடிக்குப் போகமுடிந்தது. கடற்கரைப் பக்கத்து அச்சகத்தின் கூரை ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. சாலிஹ் நானாவின் தங்கை அஸீமாவைக் கடல் கொண்டுபோயிருந்தது. நானா சிவந்த கண்களோடு மணலில் உட்கார்ந்திருந்தார். அன்று சுலோஜனா அட்டைகளைப் பற்றிக் கேட்கவில்லை. பல நாட்களுக்குக் கேட்கவில்லை.

அவற்றைத் தேடி எடுத்தவர் நானாவின் மனைவி ஆயிஷா உம்மா. அட்டைகள் வைத்திருந்த மரப்பெட்டிகள் சேற்றில் புதைந்திருந்தன. நாத்தியைத் தேடித் தேடி ஓய்ந்த கைகளுக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது போலும். கடல் எட்டாத உட்பகுதியில் இருந்த தன் சகோதரியின் நெசவு வீட்டில், தறிக்குப் பாவோடுவதற்குக் கட்டிய நூல்களின் மேல் அட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காயவைத்தார். பிறகு ஆள் அனுப்பினார்.

“உன்ட பிரதமர்மாரெல்லாம் நூல்ல தொங்குறாங்க. வந்து எறக்கு தங்கச்சி.”

சுலோஜனா போய்ப் பார்த்தாள். அட்டைகள் காய்ந்து, கட்டுக்கட்டாகக் கட்டி அடுக்கப்பட்டிருந்தன. ஒரு கட்டை அவிழ்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அழகாக இருக்கட்டும் என்று தலைப்புகளை மட்டும் மைப்பேனாவால் எழுதியிருந்தாள். மற்றதெல்லாம் குமிழ்முனைப் பேனா. கடல்தண்ணீர் தலைப்புகளைத் துடைத்துக்கொண்டு போயிருந்தது. நாடும் ஆண்டும் மாதமும் நீலக் கறையாகிவிட்டன. உள்ளே எழுதியிருந்த ஆட்களின் பெயர்கள்தான் மிஞ்சியிருந்தன. ஆயிஷா உம்மா அந்தப் பெயர்களை வாசித்து, ஒரே பெயர் உள்ளவற்றை ஒன்றாகக் கட்டியிருந்தார். மூன்று முறை ஆட்சிக்கு வந்தவரின் மூன்று அமைச்சரவைகளும் ஒரே கட்டில் முன்பின்னாகக் கலந்து கிடந்தன.

“பிழையா கட்டிப்போட்டனா?” என்று ஆயிஷா உம்மா கேட்டார்.

“பிழை என்ட பேனாவில ராத்தா. நீங்க இல்லாட்டி கட்டுறதுக்கே ஒண்டும் இருந்திராது.”

பிறகு நடந்ததை அவள் யாரிடமும் பெரிதாகச் சொன்னதில்லை. நகர நூலகத்தின் பழைய ஆண்டுநூல்களிலும், கொழும்பிலிருந்து ஆசிரியர்கள் பிரதி எடுத்து அனுப்பிய பத்திரிகைப் பக்கங்களிலும் ஒவ்வோர் அமைச்சரவையாகத் தேடி, அது பதவியேற்ற மாதத்தைப் பிடித்தாள். இரண்டு நூல்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் மூன்றாவதைத் தேடினாள். இம்முறை தலைப்பையும் குமிழ்முனைப் பேனாவாலேயே எழுதினாள். 2007 தொடக்கத்தில் படுவான்கரையில் எறிகணைச் செல்லடி தொடங்கியதும், தமையன் குடும்பம் உடுத்த உடுப்போடு கல்லடியில் இருந்த அவளுடைய வீட்டுக்கு வந்து சேர்ந்தது. முன்னறையில் பிள்ளைகள் படுத்துக்கொள்ள, அட்டைப்பெட்டிகள் குசினிக்குப் போயின. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இத்தாலியின் அமைச்சரவைகளை அடுக்கினாள். அந்த நாட்டில் அவை சேமக்கல மணி தட்டுவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன.

2009 வைகாசியில் யுத்தம் முடிந்தது. தெருவில் பட்டாசு வெடித்தது. அச்சகத்தில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. புத்தகம் அப்போது முழுமையாகியிருந்தது. அச்சடிப்பது ஒன்றுதான் பாக்கி.

ஆவணியில் கனகசிங்கம் புது உற்சாகத்தோடு வந்தார். கொழும்பில் செல்வாக்குள்ள ஒருவர் முழுச் செலவையும் ஏற்று, கெட்டி அட்டையோடு கொண்டுவந்து, எல்லாப் பாடசாலைகளுக்கும் அனுப்பிவைக்கச் சம்மதித்திருந்தார். முன்னுரையைக் கனகசிங்கமே எழுதலாம். நிபந்தனை ஒன்றுதான். நடப்பு அரசாங்கத்தின் கட்டுரைக்கு நாட்டுத் தலைவரின் பெயரை அடைமொழியோடு தலைப்பாக வைத்து, அதைப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் போடவேண்டும்.

“ஒரு தலைப்புத்தான் சுலோ. மிச்சமெல்லாம் நீ வச்சபடியே இரிக்கட்டும்.”

“ஒண்ட மாத்தினா மிச்சமெல்லாம் ஏன் அப்பிடி இரிக்கி எண்டு ஆரும் கேட்டா, நான் என்ன சொல்ற சேர்?”

“ஆரும் கேக்கமாட்டாங்க.”

“நான் கேப்பன்.”

கனகசிங்கம் கதிரையில் அமர்ந்தார். சீனி வருத்தத்தால் அவருடைய கால் வீங்கியிருந்தது. “எனக்கு எழுவத்தாறு வயசு பிள்ள. இந்தப் புத்தகத்த நான் கையில புடிச்சிப் பாக்கோணும். உன்ட வைராக்கியத்துக்கு என்ட ஆயுள் காணாது” என்றார்.

அந்தச் சொல் சுலோஜனாவைச் சுட்டது. அவள் தன் ஊர்க் கோயிலில் நடந்ததைச் சொன்னாள். அங்கே திருவிழா முடிவில் கோயில் மரியாதையான வரிசையைக் கொடுக்கும்போது ஆளின் பெயரைக் கூப்பிடுவதில்லை. குடியின் பெயரைக் கூப்பிடுவார்கள். அந்தக் குடிக்கு அப்போது மூத்தவர் யாரோ அவர் வந்து வாங்குவார். குடி தாய்வழியில் போவதால் அவருக்குப் பின் அவருடைய சகோதரியின் மகனான மருமகன் வருவான். ஒருமுறை, ஆயுதக்காரர்களின் பழக்கம் உள்ள பெரியமனிதர் ஒருவர் தன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவைத்தார். ஒரு நாளைக்குத்தானே என்று எல்லாரும் பேசாமல் இருந்துவிட்டார்கள். மறுவருடமும் அப்படியே நடந்தது. அவர் செத்ததும், தகப்பன் பேரில் வந்த வரிசை தனக்குத்தான் என்று மகன் வந்து நின்றான்; குடிக்கு உரியவன் நான் என்று மருமகன் வந்தான். இரண்டு பேருக்கும் ஆள் சேர்ந்து, கோயில் வாசலில் மண்டை உடைந்தது. கோயில் பூட்டிக் கிடந்தது.

“ஒரு நாளைக்குத்தான் எண்டு உட்டதால வந்தது சேர். அக்கரையில இரிந்து வந்து கேட்ட தம்பிக்கும் இதே மறுமொழிதான் சொன்னன். அண்டைக்கு அவருக்கு இல்ல எண்டிட்டு இண்டைக்கு இவருக்கு ஓம் எண்டா, நான் வச்சது ஒழுங்கில்ல, பயம்.”

“அப்ப என்ட முன்னுரை இல்லாம போடு” என்று கனகசிங்கம் எழுந்தார். கண்ணாடியை அவர் துடைக்கவில்லை.

அவர் போனபின் சாலிஹ் நானா தலையைச் சொறிந்தார். “கெட்டி அட்டைக்கு வழியில்ல தங்கச்சி. கலண்டர் அடிச்ச தாள் மிச்சம் கிடக்கு. கொஞ்சம் மஞ்சள்.”

“மஞ்சள் தாளில எழுத்துத் தெரியும்தானே நானா?”

“தெரியும், தெரியும். ஆனா ஆரும் வந்து கதவத் தட்டினா நீதான் தொறக்கோணும். நான் தொழுகைக்குப் போயிருவன்.”

“எந்த நேரத்துத் தொழுகைக்கு?”

“அவங்க வாற நேரத்துத் தொழுகைக்கு” என்று சொல்லிவிட்டு நானா யந்திரத்துக்கு எண்ணெய் போடப் போனார். கடல் வந்த நாளுக்குப் பிறகு அவர் பகிடி விட்டது அன்றைக்குத்தான்.

கதவை யாரும் தட்டவில்லை. ஆனால் கொழும்பிலிருந்து பிறகு ஒரு வார்த்தையும் வரவில்லை. கட்டுரை எழுதிய ஆசிரியர்களில் பாதிப்பேர் தங்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். சுலோஜனா எடுத்துவிட்டாள். இலங்கைக் கட்டுரை அகரவரிசைப்படி அதற்குரிய இடத்தில் நின்றது. ‘இலங்கை: அமைச்சரவை, 2005 நவம்பர்’ என்பதே தலைப்பு.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகல், கனகசிங்கம் குடையை உதறிக்கொண்டு அச்சகத்துக்குள் வந்தார். யாரிடமும் சுகம் விசாரிக்கவில்லை. “மெய்ப்ப எடு. நான் ஒருக்காப் பாக்கன்” என்றார்.

சுலோஜனா எடுத்துவந்து முன்னால் வைத்தாள். அவர் சிவப்புப் பேனாவோடு வாசிக்கத் தொடங்கினார். நானா யந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கனகசிங்கத்தின் பேனா ஓரிடத்தில் நின்றது.

“சுலோ, இஞ்ச வா. இது என்ன?”

‘இந்தியா: நேருவின் அமைச்சரவை’ என்று அச்சாகியிருந்தது. ஒரே கட்டுரை, பதினேழு வருட ஆட்சியும் அதற்குள்ளேயே அடங்கியிருந்தது.

“நாட்டுத் தலைவர்ர பேர வெட்டினாய். அக்கரைக்காரருக்கு இல்லயெண்டாய். இவர் மட்டும் என்ன, உனக்கு மாமனா?”

சுலோஜனாவின் முகம் சிவந்தது. எத்தனை முறை அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருப்பாள்! கண்ணில் படவேயில்லை. “வெல்லாவெளி வீட்டில அப்பா இவர்ட படத்த மாட்டி வச்சிருந்தவர் சேர். சின்னனில இரிந்து பாத்த முகம். கை தன்பாட்டில எழுதிப்போட்டுது.”

“நாலு தரம் அமைச்சரவை வச்சவர். நாலு கட்டுரை வேணும்.”

சாலிஹ் நானா யந்திரச் சத்தத்துக்கு மேலாகக் கத்தினார். “அதுக்குத் தகடு போட்டாச்சு சேர்! அந்தத் தாள்தான் இப்ப ஓடுது. ஒரு தலைப்புத்தானே, உடுங்க! ஆர் பாக்கப்போறா?”

“நான் பாத்திட்டன்” என்றார் கனகசிங்கம்.

சுலோஜனா அவரைப் பார்த்தாள். பிறகு நானாவிடம் திரும்பினாள். “மெஷின நிப்பாட்டுங்க நானா.”

யந்திரம் நின்றது. ஓடிய தாள்களை நானா முணுமுணுத்துக்கொண்டே ஒரு பக்கம் அள்ளிப் போட்டார். இருவரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து கட்டுரையை நான்காகப் பிரித்தார்கள். ‘இந்தியா: அமைச்சரவை, 1947 ஆகஸ்ட்’ என்று முதல் தலைப்பை அவள் எழுதினாள். ஐம்பத்திரண்டில் வந்து தகராறாயிற்று. அவள் ஏப்ரல் என்றாள். அவர் மே என்றார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. நூலகம் பூட்ட இன்னும் நேரம் இருந்தது. அவள் அவருடைய குடையையே எடுத்துக்கொண்டு, நகரத்துக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க மழைக்குள் இறங்கினாள்.

திரும்பி வந்தபோது அச்சகத்தில் விளக்கு எரிந்தது. கனகசிங்கம் வீங்கிய காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, மிச்சப் பக்கங்களைச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தார்.

“நீங்க சொன்னதுதான் சரி சேர். மே” என்றாள் சுலோஜனா. சொட்டும் குடையைக் கதவோரம் சாய்த்துவிட்டு, புதுத் தகட்டுக்கு வேண்டிய பக்கத்தை எழுத உட்கார்ந்தாள்.