முட்டை பலூனில் ஏறிய டவர்

என் வீட்டுக்காரர் இருபத்தைந்து வருஷமாகப் பூமியில் ஓட்டை போடுகிறவர். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிறார். போர் போடும்போது மேலே வருகிற தூசியின் நிறத்தைப் பார்த்தே அடியில் என்ன பாறை இருக்கிறது என்று சொல்லிவிடுவார். பக்கத்தில் நிற்கிற பெண்டாட்டியின் மனதில் என்ன இருக்கிறது என்பது மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை. அப்படிப்பட்ட மனுஷர் போன மார்கழியில் ஒருநாள், பலூன் விட்டு வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டுவரப் போவதாகச் சொன்னபோது, தோசைக்கரண்டியைக் கீழே வைக்காமலே சிரித்தேன்.

எங்கள் ஊர் கொல்லிமலை அடிவாரம். கேட்பதற்கு நன்றாக இருக்கும். செல்போன் டவர் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம், நடுவில் மலையின் ஒரு கிளை வந்து குறுக்கே படுத்திருக்கிறது. வயர் இழுக்கிறவர்கள் இரண்டு முறை வந்து அளந்தார்கள், டீ குடித்தார்கள், போய்விட்டார்கள். எங்கள் தோட்டத்தில் தேங்காய் பறிக்க ஏறுகிறவருக்கு மரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்ததும் அதுவரை வராத அழைப்பெல்லாம் வந்து விழும். பாதிக் காயை வெட்டிப் போட்டுவிட்டு, மேலேயே உட்கார்ந்து மச்சானோடு சண்டை போடுவார். கீழே நாங்கள் தேங்காய்க்கும் தப்ப வேண்டும், அவர் வாயில் வருகிற வார்த்தைக்கும் தப்ப வேண்டும்.

தரையில் நின்று பேச வேண்டுமென்றால் ஒரே இடம் ஏரிக்கரைதான். இரண்டு மைல் போக வேண்டும். அங்கே மதகுக்குப் பக்கத்தில் பத்துத் தப்படி நீளத்துக்கு மட்டும் சிக்னல் கிடைக்கும். அந்தப் பத்துத் தப்படியில்தான் எங்கள் ஊர் மொத்தமும் நின்று பேசும். பெண் பார்த்த விஷயம், மூலநோய்க்கு மருந்து, பங்காளிச் சண்டை எல்லாம் அங்கே பொது. ஒருவர் பேசி முடித்ததும் பக்கத்தில் நிற்பவர் யோசனை சொல்வார்.

என் மகளோடு நான் பேசுவதும் அங்கேதான். அவள் ஜெர்மனியில் நர்ஸ். அந்த ஊர்ப் பாஷையைத் தானே படித்து, பரீட்சை எழுதி, விசா வந்த பிறகுதான் அப்பாவிடம் சொன்னாள். அதுதான் அவருக்கு அடி. போனது அல்ல, கடைசியில் சொன்னது. புறப்பட்ட அன்று வாசலில் நின்று, "போறவ போனவளாவே இருக்கட்டும்" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டார். பிள்ளை திரும்பிப் பார்க்காமல் கார் ஏறினாள். அதற்குப் பிறகு பதினெட்டு மாதம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. யாராவது கேட்டால், "எங்கூட்ல டவரு இல்லீங்க" என்பார். ஏரிக்கரைக்கு வரச் சொன்னால், "ஊரு முன்னால நின்னு என்ற புள்ளகிட்ட நான் கெஞ்சோணுமா?" என்று என்மேல் பாய்வார். நான் என்ன கெஞ்சவா சொன்னேன்? பேசத்தான் சொன்னேன். கெஞ்சுவது என்று அவராகவே முடிவு செய்து வைத்திருந்தார்.

மார்கழியில் ஒருநாள் ஏரிக்கரையில் நின்று பேசியபோது மகள் சொன்னாள்: "பொங்கலுக்கு லீவு கெடைக்கும்மா. திங்கக்கெழம எழுதிக் குடுக்கோணும். அப்பா வாயால வரச் சொன்னா வாரேன். இல்லீன்னா இந்த வருசமும் இல்லீங்கம்மா." நான் வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அன்று ரசம் ஊற்ற வேண்டிய இடத்தில் மோர் ஊற்றினேன், அதுவும் தெரியாமல் சாப்பிட்டார்.

மறுநாள்தான் பலூன் கதை ஆரம்பித்தது. வெளிநாட்டில் ஒரு பெரிய கம்பெனி விமானத்துக்கும் மேலே பலூன்களை மிதக்கவிட்டு, காட்டுக்கும் தீவுக்கும் நெட் கொடுத்ததாம். எங்கோ வேலைக்குப் போன இடத்தில் டிவியில் பார்த்தாராம். நான் சும்மா விடுவேனா? ஏரிக்கரைக்குப் போய் என் போனில் தேடிப் பார்த்துவிட்டு வந்தேன்.

"ஏனுங்க, அந்தக் கம்பெனிக்காரனே கட்டுப்படியாகாதுன்னு கைவிட்டுட்டானாம்."

"அவன் காத்துல உட்டான், அது போக்குல போயிருச்சு. நான் கவுறு கட்டி உடுவேன்" என்றார்.

அவர் யோசனை முழுப் பைத்தியமும் அல்ல, அதையும் சொல்ல வேண்டும். முதலில் ரிக் வண்டியின் கம்பத்தை நிமிர்த்தி, உச்சியில் தன் போனைக் கட்டிப் பார்த்தார். ஒரு கோடு சிக்னல் காட்டியது. இன்னும் மேலே போனால் மலைக்கிளையைத் தாண்டி டவர் தெரியும், போனில் ஹாட்ஸ்பாட் போட்டு மேலே அனுப்பினால் கீழே என் போனுக்கு நெட் இறங்கும். இதுதான் திட்டம். வாழ்நாள் முழுக்கக் கீழே இறக்கியவர் இப்போது மேலே ஏற்றப் போகிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

சேலம் அம்மாபேட்டையிலிருந்து, கடைத் திறப்புக்கெல்லாம் பெரிய பலூன் கட்டுகிற ஒருவரைக் கையோடு கூட்டி வந்தார். அவரிடம் இருந்தது ஒரு துணிக்கடையின் பழைய பலூன். 'ஆடித் தள்ளுபடி' என்று ஆளுயர எழுத்தில் போட்டிருந்தது. மார்கழிக் காலையில் அது எங்கள் களத்தில் ஊதி நின்றதும், பக்கத்துத் தோட்டத்திலிருந்து நாலு பெண்கள் பையோடு வந்துவிட்டார்கள். "சேலை எல்லாம் உள்ளார இருக்குதுங்களா?" என்று கேட்டார்கள். நான் அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன், வேறென்ன செய்வது.

பலூன்காரர் கேஸ் நிரப்பி முடித்து, டீ குடிக்கக் கடைக்குப் போனார். அந்த நேரத்தில்தான் நான் என் புத்தியைக் காட்டினேன். ரிக் தொழிலில் பூஜை போடாமல் முதல் இரும்பு ராடு பூமிக்குள் இறங்காது. தேங்காய், எலுமிச்சம்பழம், சூடம். எந்த ஊரில் போர் போட்டாலும் அந்த வீட்டுப் பெண்தான் சூடம் காட்ட வேண்டும். இங்கே வீட்டுப் பெண் நான். மகள் விஷயம் வேறு, குறை வைக்கலாமா? தட்டில் நாலு கட்டி சூடத்தைக் கூடுதலாகவே வைத்துக் கொளுத்தி, பலூனைச் சுற்றி ஆரத்தி எடுத்தேன். என் வீட்டுக்காரர் பலூனின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பக்தியோடு கண்ணை மூடி நின்றார். எங்கள் டிரில்லர், அதாவது வண்டியில் மிஷினை ஓட்டுகிறவர், கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு சுற்று நல்லபடியாக முடிந்தது.

மூன்றாவது சுற்றில் ஆடித் தள்ளுபடி மொத்தமும் ஒரே நொடியில் முடிந்தது. 'டமார்' என்று ஒரு சத்தம். கொட்டகையில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. சேலை கேட்டு வந்த பெண்கள் காப்பி டம்ளரோடு ஓடினார்கள். புகை கலைந்து பார்த்தால், அவர் அதே இடத்தில், அதே பக்தியோடு, கையில் ஒரு துண்டு ரப்பரைப் பிடித்தபடி நிற்கிறார். கடவுள் புண்ணியத்தில் ஒரு காயமில்லை. ஆனால் மீசையின் இடது பாதி போய்விட்டது.

டீ குடித்துவிட்டு வந்த பலூன்காரர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அக்கா, அது ஹைட்ரஜன்க்கா. பீடி பத்த வைக்கவே நான் ரோட்டுக்குப் போறவன்க்கா" என்றார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். எங்கள் வீட்டில் மண் ஒட்டுவதற்கு மீசையே பாதிதான் இருந்தது. மீதியையும் எடுத்துவிடச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டார். என்மேல் கோபப்படவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ஞாயித்துக்கெழம இன்னொன்னு கட்டலாம்" என்றார். திங்கட்கிழமைக்குள் ஆக வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது முட்டை. ஏதோ கோழித்தீவன விழாவுக்காகச் செய்த முட்டை வடிவப் பலூன். எங்கள் நாமக்கல் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று அமையாது. பலூன்காரர் இந்தமுறை டீ குடிக்கப் போகவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். போனைப் பிளாஸ்டிக் கூடையில் வைத்து முட்டையின் அடியில் கட்டினார்கள். கயிற்றில் இருபது அடிக்கு ஒரு முடிச்சு போட்டிருந்தது, ஒரு ராடு நீளம். ஒவ்வொரு முடிச்சு விடும்போதும் டிரில்லர் பழக்கதோஷத்தில், "ஈரம் தட்டுதுங்களா?" என்று என்னைக் கேட்டார். நான் போனைப் பார்த்து, "இல்லீங்க, பொகதான்" என்றேன். தண்ணீர் தட்டும்வரை போரில் புகைபோலத் தூசிதான் வரும்; அந்தப் பேச்சு எனக்கும் தொற்றிவிட்டது.

ஐந்தாவது ராடில் தண்ணீர் வந்தது. என் போனில் மூன்று கோடு! களத்தில் கைதட்டினார்கள். மகள் இரவு வேலை முடித்து அறைக்கு வந்திருக்கும் நேரம். வீடியோவில் அழைத்தேன். இரண்டு முறை மணி அடித்ததும் என் பிள்ளையின் முகம் தெரிந்தது. என் சொந்தக் களத்தில் நின்று, ஒருத்தர் யோசனையும் இல்லாமல் அவளைப் பார்க்கிறேன்.

கயிற்றைப் பிடிக்க டிரில்லர் கை நீட்டினார். என் வீட்டுக்காரர் கொடுக்கவில்லை. இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு நின்றார். கையில் கயிறு இருக்கும்வரை யாரும் போனைக் கொடுக்க முடியாதல்லவா? ஒரு பலூனை ஏற்பாடு செய்யத் தெரிந்த மனுஷருக்கு ஒரு போனை வாங்கத் தைரியம் இல்லை. நான் போனை அவர் பக்கம் திருப்பினேன்.

"அம்மா, அப்பா மீசைக்கு என்னாச்சு?" என்றாள்.

அவர் போனைப் பார்க்கவில்லை. தலையை அண்ணாந்து முட்டையைப் பார்த்து, மிஷின் சத்தத்துக்கு நடுவில் ஆளைக் கூப்பிடுகிற குரலில், "ஒண்ணுமில்லீன்னு சொல்லு!" என்றார்.

"நீங்களே சொல்லுங்க" என்றேன்.

கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டார். பிறகு ஆகாயத்தைப் பார்த்துக் கத்தினார்: "சாப்புட்டியா?"

பதினெட்டு மாதத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை. போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிப்பு போகப்போக வேறு மாதிரி ஆனது. அவள் அழுகிறாள் என்று எனக்குப் புரிவதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. கயிற்றை உதறிவிட்டு, இரண்டு கையாலும் என்னிடமிருந்து போனைப் பிடுங்கினார்.

"ஓனரு, முட்ட! முட்ட போகுதுங்க!" என்று டிரில்லர் எம்பிக் குதித்தார். பலூன்காரர் தலையில் கை வைத்தார். இவர் யாரையும் பார்க்கவில்லை. படம் கட்டம் கட்டமாக உடைந்துகொண்டிருந்தது. "வந்துரு சாமி" என்றார். படம் நின்றது. நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. மேலே எங்கள் டவர் மலையைத் தாண்டி ஆத்தூர்ப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

"கேட்டிருக்குமா புள்ளைக்கு?" என்று என்னைக் கேட்டார். பொய் சொல்லத் தோன்றவில்லை. தெரியவில்லை என்றேன்.

பனியனோடு பைக்கை எடுத்தார். பின்னால் ஏறி உட்கார எனக்கு நேரம் கொடுத்ததே பெரிசு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஏரிக்கரையில் ஊரே நின்றது. பாதி மீசையோடு, என் போனோடு, அந்தப் பத்துத் தப்படிக்கு நடுவில் போய் நின்றார். பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். மகள் எடுத்ததும், "ஏஞ்சாமி, அன்னைக்கு வாசல்ல சொன்னது தப்பு. பொங்கலுக்கு ஊட்டுக்கு வந்துரு" என்றார். மதகிலிருந்து கரைக் கோடியில் நிற்கிற மரம் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது.

"அப்பவே கேட்டுருச்சுங்கப்பா. இன்னொருக்கா சொல்லுங்க."

ஊர் பார்க்க, அவர் இன்னொருக்கா சொன்னார்.